மண்டிச் சீட்டும் ஆஃபர் லெட்டரும்

சித்திரையில் ஒரு நாள், எங்கள் தெருவில் வாழை போடும் பெரியவர் ஒருவர் செல்போனை என்னிடம் நீட்டினார். மகனுக்கு வந்த ஆஃபர் லெட்டர், பதினான்கு பக்கம். "தம்பி, மூணு லட்சத்து அறுபதாயிரம்னு போட்டிருக்கான். மாசம் கைக்கு எவ்வளவுப்பா வரும்?" பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி செமஸ்டர். அவனுக்கும் தெரியவில்லை. என்ன வேலையாம் என்று கேட்டேன். "புராஜெக்ட்ல போடுவாங்க சார்" என்றான். என்ன புராஜெக்ட், பகலா ராத்திரியா, ஒன்றும் அந்தப் பதினான்கு பக்கத்தில் இல்லை. புதியவர்களுக்கான ஆஃபர் லெட்டர்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஜீயபுரம் திருச்சி–கரூர் சாலையில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. அந்தநல்லூர், திருச்செந்துறை, அல்லூர், பழூர் என்று சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். ஸ்ரீரங்கம் தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி, கட்டணச் சலுகையில் இன்ஜினீயரிங் முடித்த பிள்ளைகள் இந்த ஊர்களில் தெருவுக்குச் சிலர் உண்டு. கலைக் கல்லூரியில் பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். நான் 2004-இல் சென்னையில் டிரெயினியாகச் சேர்ந்து, பத்தொன்பது வருஷம் கழித்து ஊர் திரும்பியவன். அதனால் செல்போன்கள் என்னிடம் நீட்டப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பணம். அந்தப் பெரியவருக்கு நான் மண்டிச் சீட்டைச் சொல்லித்தான் விளக்கினேன். திருச்சி காந்தி மார்க்கெட் கமிஷன் மண்டியில் தார் என்ன விலைக்குப் போனது என்பது ஒரு கணக்கு. கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் போக மடியில் விழுவது வேறு கணக்கு. லெட்டரில் இருக்கும் சி.டி.சி. என்பது அந்த முதல் கணக்கு, அதாவது உங்கள் பையனுக்காகக் கம்பெனி வைக்கும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால், கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், ஆண்டுக்கு 21,600. அதுவும் இந்த 3,60,000-க்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், சுமார் 8,650. ஐந்து ஆண்டு முடிக்காமல் வெளியே வருகிற நிரந்தர ஊழியருக்கு அது கைக்கு வராது. 'வேரியபிள்' என்ற பெயரில் இன்னொரு 24,000. கம்பெனிக்கு நல்ல காலாண்டாக இருந்தால் வரும், இல்லாவிட்டால் அரைகுறையாக வரும். மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, பையன் பங்கு பி.எஃப். 1,800-ஐயும் தொழில்வரி இருநூற்றுச் சொச்சத்தையும் கழித்தால் கைக்கு 23,500-ஐ ஒட்டி வரும். ஒரே ஆறுதல், புதிய வரி முறையில் 2025–26 முதல் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. சென்னை துரைப்பாக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து இருக்கும் அறை, சாப்பாடு, மாதம் ஒரு முறை ஊருக்கு வர மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் டிக்கெட் எல்லாம் இந்தப் பணத்துக்குள்தான். "அப்ப வீட்டுக்கு அனுப்ப ஒண்ணும் இருக்காதே" என்றார் பெரியவர். முதல் ஆண்டில் இருக்காது என்றேன். அவர் மண்டிச் சீட்டு பார்த்துப் பழகியவர். சட்டென்று புரிந்துகொண்டார். பையன்தான் முகம் வாடினான்.

இந்தத் தொகை இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2010 வாக்கில் பெரிய கம்பெனிகள் புதுப் பட்டதாரிக்குக் கொடுத்தது ஆண்டுக்கு மூன்று, மூன்றேகால் லட்சம். இன்றும் அடிமட்ட ஆஃபர் மூன்றரை லட்சத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. இடையில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் பட்டதாரிகளுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தபோது இணையமே சிரித்தது. அது இன்ஜினீயரிங் அல்லாத பட்டதாரிகளுக்கு என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. எங்கள் பக்கத்து பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று தெரியவில்லை.

தொழிலின் அமைப்பே அப்படி. அமெரிக்க வங்கியோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோ வேலையை இங்கே தருகிறது, மணிக்கணக்கில் பில் போடப்படுகிறது. அனுபவசாலிகள் நாலு பேருக்குக் கீழே சம்பளம் குறைந்த புதியவர்கள் பத்துப் பேர் இருந்தால்தான் லாபம் நிற்கும். இதை அந்தத் தொழிலில் 'பிரமிடு' என்பார்கள். அடித்தளத்தில் எப்போதும் ஆள் வேண்டும், அந்த ஆள் மலிவாக இருக்க வேண்டும். வருடத்துக்கு லட்சக்கணக்கில் இன்ஜினீயர்கள் வெளியே வரும் நாட்டில் மலிவுக்குப் பஞ்சம் இல்லை.

வீடுகளில் பெற்றோர் சொல்லும் உதாரணம் எப்போதும் ஒன்றுதான். காவிரியில் நமக்கு மேலே இருக்கிற மோகனூரில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ. முடித்து, 1987-இல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்து, 2017-இல் டாடா சன்ஸ் தலைவரான என். சந்திரசேகரன். உண்மையான, பெருமைப்பட வேண்டிய கதை. ஆனால் 1987 என்பது ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த வருஷம். அதுவரை அதை மொட்டைக் கோபுரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்று அந்தத் தொழிலில் கூட்டமே இல்லை. 2021–22 நிதியாண்டில் மட்டும் அதே டி.சி.எஸ். ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது, இன்ஃபோசிஸ் 85,000 பேரை. கொரோனாவுக்குப் பின் வந்த அந்த வெள்ளம் இரண்டே ஆண்டில் வடிந்தது. 2023–24-இல் டி.சி.எஸ்.ஸின் மொத்த ஆள்கணக்கு 13,249 குறைந்தது, இன்ஃபோசிஸில் 25,994 குறைந்தது.

வெள்ளம் வடிந்தபோது கரையில் மாட்டிக்கொண்டது புதியவர்கள்தான். 2022-இல் ஆஃபர் வாங்கிய சிலர் இன்ஃபோசிஸில் சேர இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2023 பிப்ரவரியில், ஆறரை லட்சம் என்று சொல்லி எடுத்தவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று விப்ரோ கேட்டது. ஆகவே ஆஃபர் லெட்டர் கையில் இருப்பதும் வேலை இருப்பதும் வேறு வேறு. ஜாயினிங் தேதி மெயிலில் வந்த பிறகு இனிப்பு கொடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. யாரும் கேட்பதில்லை. கேம்பஸில் பெயர் வந்த அன்றே ஜீயபுரம் பேக்கரியில் ஜாங்கிரி தீர்ந்துவிடுகிறது.

சேர்ந்த பிறகு பயிற்சி. டி.சி.எஸ்.ஸுக்குத் திருவனந்தபுரம், இன்ஃபோசிஸுக்கு மைசூரு என்று பெரிய வளாகங்கள் இருக்கின்றன. கல்லூரி மாதிரிதான் இருக்கும், தேர்வு மட்டும் நிஜம். 2025 பிப்ரவரியில் மைசூரில் உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறாத முந்நூற்றுக்கும் மேற்பட்ட டிரெயினிகள் ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் அந்த நீண்ட காத்திருப்பைக் கடந்து வந்தவர்கள். பயிற்சியில் ஜாவா, எஸ்.க்யூ.எல்., கொஞ்சம் வெப், கொஞ்சம் டெஸ்டிங் வரும். கல்லூரியில் புரியாமல் விட்டதை இங்கே புரிந்துகொள்ள மூன்று நான்கு மாதம் கிடைக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பதற்கு இன்னொரு காலம் வாய்க்காது. அதை மைசூரு அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பதில் கழித்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

பயிற்சி முடிந்தால் பெஞ்ச். புராஜெக்ட் கிடைக்கும்வரை காத்திருக்கும் இடத்துக்கு அந்தப் பெயர். முன்பு பெஞ்ச் என்றால் கேன்டீன், கேரம் போர்டு, அரட்டை. இப்போது அது பயம் பிடித்த இடமாகிவிட்டது. 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதிப்படி ஓர் ஆண்டில் 225 நாள் கிளையன்டுக்கு பில் ஆகும் வேலையில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. புதியவர் தனக்குப் பிடித்த வேலைக்காகப் பொறுத்திருப்பது இனி நடக்காது. வந்த புராஜெக்டில் ஏற வேண்டும்.

ஏறிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுவே முக்கியமான கேள்வி.

நம் ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் முக்கொம்பு. 1836–38-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. பள்ளியில் சுற்றுலா போகும்போது காட்டன் பெயரைச் சொல்வார்கள். ஷட்டருக்கு கிரீஸ் போட்டு, அளவுகோலைப் பார்த்து நோட்டில் குறித்து, ராத்திரி மேலே எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்று கேட்டு மதகை ஏற்றி இறக்கும் லஸ்கர் பெயரை யாரும் சொல்வதில்லை. கல்லூரி நான்கு வருஷமும் பிள்ளைகளைக் காட்டனாகத் தயார் செய்கிறது. புதிய ஆப், புதிய வெப்சைட், கடைசி செமஸ்டர் புராஜெக்ட். வேலைக்குப் போனால் முதல் மூன்று ஆண்டும் லஸ்கர் உத்தியோகம். இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிய கோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அது நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பைத்தான் படித்த பெண்ணை மெயின்ஃபிரேமில் போடுவார்கள். 1959-இல் பிறந்த கோபோல் (COBOL) மொழி இன்றும் வங்கிகளின் கணக்கை ஓட்டுகிறது, அதைத் தெரிந்தவர்களோ ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். புராஜெக்டில் முதல் சில வாரம் லேப்டாப்புக்குக் காத்திருப்பது, கிளையன்டின் பின்னணிச் சரிபார்ப்பு முடியக் காத்திருப்பது, அக்சஸுக்குக் காத்திருப்பது என்று போய்விடும். வங்கி புராஜெக்ட் என்றால் சில தளங்களில் செல்போனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பிறகு கே.டி., அதாவது வேலையைக் கைமாற்றிச் சொல்லிக்கொடுப்பது. விட்டுப் போகிறவர் ஒரு மணி நேரம் ஸ்கிரீனைக் காட்டிப் பேசுவார், புதியவர் தலையாட்டுவார், பாதி புரியாது. அடுத்து 'ஷேடோ', பழையவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது. டைம்ஷீட் போட மறந்தால் மட்டும் உடனே மெயில் வரும். வேலையில் தப்பு செய்ததற்குக் கூட அவ்வளவு சீக்கிரம் வராது.

சப்போர்ட் புராஜெக்ட் என்றால் டிக்கெட். வெளிநாட்டில் யாருக்கோ ஸ்கிரீன் திறக்கவில்லை, ரிப்போர்ட் வரவில்லை, ராத்திரி ஓட வேண்டிய ஜாப் பாதியில் நின்றுவிட்டது. பி1 என்றால் வீடு பற்றி எரிகிறது, பி4 என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரத்துக்குள் என்று கெடு உண்டு. அமெரிக்கப் பகல் நமக்கு இரவு, ஆகவே ஷிப்ட். டெஸ்டிங் என்றால் அதே இருநூறு சோதனையை ரிலீஸுக்கு ரிலீஸ் ஓட்டுவது. டெவலப்மென்ட் என்று பெயர் பெற்ற புராஜெக்டிலும் முதல் ஆறு மாதம் ஒரு பட்டனின் நிறம், ஒரு பிழைச் செய்தியின் வாசகம், ஒரு எஸ்.க்யூ.எல். வரி, இவ்வளவுதான். எழுதுவது பத்து வரி, அதற்கு முன் படிப்பது பத்தாயிரம் வரி.

இதைச் சொல்லும்போது பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. எனக்கு ஆகவில்லை. சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு ஜாப், மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் ஒழுங்காக ஓடி 13-ஆம் தேதி விழுந்தது. கெடு நெருங்குகிறது, லீட் தூக்கத்தில் இருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்குக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் தேதியை நாள்–மாதம் என்று அனுப்புகிறது, மறுபக்கம் அமெரிக்க முறையில் மாதம்–நாள் என்று வாங்குகிறது. 12 வரை எந்த எண்ணும் மாதமாகச் செல்லும், பதின்மூன்றாவது மாதம் எங்கே இருக்கிறது? அந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்றைத் தவிர எல்லா நாளும் தப்பான தேதியில் கணக்கு ஏறிக்கொண்டிருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. கோளாறு வெளியே தெரிந்த நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்பதை அன்று கற்றேன். எந்த வகுப்பிலும் அதைச் சொல்லித் தந்திருக்க முடியாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது ஊரே போய்ப் பார்த்தது. நான் படத்தில் பார்த்தேன். எனக்கு நினைவுக்கு வந்தது அந்த 13-ஆம் தேதிதான்.

லஸ்கர் வேலை கேவலம் இல்லை. ஆனால் அதிலேயே தங்கிவிடுவது ஆபத்து. நோட்டில் அளவு குறிப்பவன் ஆற்றையும் பார்க்க வேண்டும். டிக்கெட்டை மூடியதோடு நிற்காமல் ஏன் வந்தது என்று கேட்கிறவர்கள் இரண்டு மூன்று ஆண்டில் மேலே போகிறார்கள். அதே டிக்கெட்டை ஐநூறு முறை மூடியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஐந்து ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொள்வார்கள், அது ஓர் ஆண்டு அனுபவம் ஐந்து முறை.

இங்கிலீஷ் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள் கிளையன்ட் காலில் மியூட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இலக்கணப் பிழைக்கு அங்கே யாரும் சிரிப்பதில்லை. புரியாததைப் புரிந்தது என்று சொன்னால்தான் மறுநாள் மாட்டிக்கொள்வீர்கள். செய்த தப்புக்கு ஒரு மன்னிப்பு மெயில் எழுதத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காத பெற்றோர் இப்போது இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதே ஆண்டு, கோடு எழுத உதவும் கோபைலட் எல்லாருக்கும் கிடைத்தது. புதியவரிடம் முதலில் தரப்படும் வேலைகள் எவை? சின்னச் சின்ன கோடு, டெஸ்ட் கேஸ், டாக்குமென்ட். அந்தக் கருவிகள் சுலபமாகச் செய்கிறவையும் அவைதான். ஏணியில் கீழ்ப்படி இரண்டை எடுத்துவிட்டு மேலே ஏறு என்கிற நிலைமை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது, அது பெரும்பாலும் நடு, மேல்நிலை ஆட்களை. புதியவர்களைத் தொடர்ந்து எடுக்கிறார்கள், ஆனால் முன்னைப்போல் ஆட்டோ நிறைய ஏற்றுவதில்லை. என் கணிப்பு இது: பத்து வரி எழுத வைக்கும் வேலை குறையும். கருவி எழுதிய ஆயிரம் வரியைப் படித்து எங்கே பொய் இருக்கிறது என்று சொல்லும் வேலை இருக்கும். அதற்கு அடிப்படை கூடுதலாகத் தெரிய வேண்டும். கருவியிடம் கேட்டே அசைன்மென்ட் முடித்து வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் அங்கேதான் எனக்குக் கவலை.

சட்ட விஷயம் சுருக்கமாக. இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்ட் என்ற பெயரில் கையெழுத்து வாங்குவார்கள். 'அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று சீனியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி, சூழ்நிலை வேறு என்றாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல் மார்க்ஷீட்டைக் கேட்கிற இடம் எதுவானாலும் பார்க்க மட்டும் கொடுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். விலகும்போது பெரிய கம்பெனிகளில் நோட்டீஸ் 90 நாள். ஐ.டி. ஊழியருக்குச் சங்கம் கிடையாது என்பதும் தவறு. அன்றிருந்த தொழில் தகராறுச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும், சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயம்.

அதைவிட நெருக்கமான ஆபத்து 'பேக்டோர்'. இரண்டு லட்சம் கொடு, பெரிய கம்பெனியில் உள்ளே விடுகிறோம், இல்லாவிட்டால் மூன்று வருஷ அனுபவம் என்று சான்றிதழ் தயாரித்துத் தருகிறோம் என்பார்கள். வாழை வித்த பணமும் அம்மா நகையும் இதில் போயிருக்கின்றன. போலி அனுபவம் இன்று சுலபமாகப் பிடிபடும். பி.எஃப். யு.ஏ.என். எண்ணைத் தட்டினால் எங்கே எப்போது வேலை பார்த்தார் என்பது வந்துவிடும். ஆஃபரே கிடைக்காதவர்களுக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது, மத்திய அரசின் அப்ரென்டிஸ் திட்டம். தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. உதவித்தொகை குறைவுதான், ஆனாலும் ரெஸ்யூமில் எழுத ஓர் உண்மையான ஆண்டு கிடைக்கும்.

ஊரிலேயே இருக்க முடியாதா என்பது தாய்மார்களின் கேள்வி, பெண் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு அழுத்தமாக. நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பூங்கா 2010-இல் வந்தது. பஞ்சப்பூரில் டைடல் பூங்கா வரும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். திருச்சியில் கம்பெனிகள் இருக்கின்றன, சம்பளம் சென்னையைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் வாடகை இல்லை, வீட்டுச் சாப்பாடு. கணக்குப் போட்டால் மண்டிச் சீட்டு இங்கேதான் லாபம் காட்டும். என்ன, அடுத்த வேலைக்குத் தாவ எதிர்ச்சாரியில் இன்னொரு கம்பெனி இருக்காது. திருச்சி விளம்பரங்களில் 'கோடிங்' என்று பார்த்ததும் ஓடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பாதி இடத்தில் அது மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவமனையின் குறிப்பைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுவது. உயிரியல் படித்தவர்களுக்கு நல்ல வேலை. ஜாவா படித்துவிட்டு அங்கே இன்டர்வியூவில் விழித்த பையனை எனக்குத் தெரியும்.

பெரியவரின் மகனுக்கு லெட்டரில் சென்னை என்றுதான் இருக்கிறது. ஜாயினிங் தேதி 'பின்னர் அறிவிக்கப்படும்'. ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. தார் விட்ட மரங்கள் சாயாமல் இருக்க அப்பாவோடு சவுக்குக் கம்பு நட்டு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். காலையில் தோட்டத்துக்குப் போவதற்கு முன்னும் மாலையில் வந்த பிறகும் மெயிலைத் திறந்து பார்க்கிறான். எஸ்.க்யூ.எல். எங்கிருந்து தொடங்கலாம் என்று போன வாரம் கேட்டான், சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் புதன்கிழமை வரை மெயில் வரவில்லை.